தரையில் விரிந்த ஊரும் ஒரு வெள்ளைக் கட்டமும்

அந்த ஊரில் அவருடைய முகத்தைப் பார்த்தவர்களைவிட முதுகைப் பார்த்தவர்கள்தான் அதிகம். இடது தோளில் மடித்துப் போட்ட சாக்கு, அதன்மேல் சாய்ந்து கிடக்கும் சிலிண்டர், வியர்வையில் ஒட்டிப்போன காக்கிச் சட்டை. "கேஸ்காரர்" என்பதே பெயராகிப்போனது. இருபத்தாறு வருடங்களாகப் படியேறிக்கொண்டிருந்தார். எந்தக் கட்டடத்துக்கு எத்தனை படி, எந்தப் படியில் விளிம்பு உடைந்திருக்கிறது, எந்த வீட்டு நாய் குரைப்பதோடு நிறுத்திக்கொள்ளும், எது கடித்துவிட்டு அப்புறம் குரைக்கும் என்பதெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவார்.

ஆனால் எந்த வீட்டு முன்னறையும் அவருக்குத் தெரியாது. பின்கதவு, இல்லாவிட்டால் பக்கவாட்டு நடை, அங்கிருந்து நேரே சமையலறை. காலி சிலிண்டரைக் கழற்றிப் புதியதை மாட்டுவார். இணைப்பில் சோப்பு நுரை தடவி, குமிழி வருகிறதா என்று குனிந்து பார்ப்பார். மூக்கை வைத்து ஒருமுறை மோந்து பார்ப்பார். அடுப்பு நீலமாக எரிந்தால் அவர் வேலை முடிந்தது. அந்த ஊரில் உட்காரச் சொல்லி அவருக்கு நாற்காலி போட்டவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். அதற்காக அவர் வருத்தப்பட்டதும் கிடையாது. அவருடைய வருத்தம் வேறு. அதை யாரிடமும் அவர் சொன்னதில்லை.

அப்படிப்பட்ட மனிதர் ஒரு நாள் காலை, பழைய உள்விளையாட்டு அரங்கத்துக்கு இரண்டு சிலிண்டர் கொண்டுபோனார். அங்கே கண்காட்சி என்று சுவரொட்டி ஒட்டியிருந்தது. வருகிறவர்களுக்குத் தேநீர் போட ஒரு கடை வைத்திருந்தார்கள், சிலிண்டர் அதற்குத்தான். தோளில் பாரத்தோடு கதவைத் தள்ளி ஒரு கால் எடுத்து வைக்கப் போனதுதான் தாமதம், ஒரு பெண் கத்திக்கொண்டே ஓடிவந்தாள்.

"அண்ணா, நில்லுங்க! காலை வைக்காதீங்க! ஊரை மிதிச்சிடப் போறீங்க!"

தூக்கிய கால் தூக்கியபடி நின்றது. குனிந்து பார்த்தார். அரங்கம் முழுக்க, சுவரிலிருந்து சுவர்வரை, வெள்ளைத் துணி விரித்து ஒட்டியிருந்தது. அதன்மேல் கறுப்புக் கோடுகள். ஒரு நிமிடம் புரியவில்லை, அப்புறம் புரிந்தது. அது ஆற்றுப் பாலம். அது ரயில் பாதை. அவர் கால் நின்ற இடம் தபால் நிலையத் தெரு. தெருக்கள் மட்டும் இருந்தன. வீடுகள் இருக்க வேண்டிய இடமெல்லாம் வெறும் வெள்ளைக் கட்டங்கள்.

"இது என்னம்மா?"

"கண்காட்சிண்ணா."

"கண்காட்சிங்கிறீங்க, ஒரு படத்தையும் காணோமே?"

"படம் நீங்கதான் வரையணும். ஊர்க்காரங்க எல்லாரும் வந்து வரையணும்."

"நாங்க வரையறதுக்கு நீங்க எதுக்கும்மா?"

ஒட்ட வெட்டிய முடியும், பை பையாகத் தொங்கும் சாயம் தோய்ந்த மேலங்கியுமாக நின்ற அந்த ஓவியப் பெண் வாய்விட்டுச் சிரித்தாள். ஒன்பது நாள் கண்காட்சி என்றாள். கடைசி நாள் சாயங்காலம் ஆறு மணிக்கு, கரி அழியாமலிருக்கத் துணிமேல் பசை பூசிவிடுவார்கள். அப்புறம் யாரும் ஒரு கோடுகூடச் சேர்க்க முடியாது. காய்ந்ததும் நகர மன்றக் கூடத்துச் சுவரில் நிரந்தரமாக மாட்டுவார்கள். விதி ஒன்றே ஒன்றுதான். கண்ணால் பார்த்ததை மட்டும் வரைய வேண்டும். கேள்விப்பட்டது, நினைத்துக்கொண்டது, ஆசைப்பட்டது எதுவும் கூடாது.

"உங்களுக்கு நல்லாத் தெரிஞ்ச ஒரு வீடு வரைங்கண்ணா, போதும்" என்று சொல்லி ஒரு கரித்துண்டை அவர் கையில் திணித்தாள்.

எல்லாரும் தங்கள் வீட்டைத்தான் வரைவார்கள் என்று அவள் நினைத்திருந்தாள். அவரோ "தெரிந்த வீடு" என்ற சொல்லை அப்படியே பிடித்துக்கொண்டார். சிலிண்டரை இறக்கி வைத்தார், சாக்கை உதறித் தரையில் போட்டார், முட்டிபோட்டார். தபால் நிலையத் தெரு, முதல் வீடு: ஒரு மேடை, மேடைமேல் இரண்டு வட்டம் அடுப்பு, மூலையில் சிலிண்டர், ஜன்னல், ஜன்னலில் ஒரு பூந்தொட்டி. இரண்டாவது வீடு. மூன்றாவது வீடு. கேஸ் வண்டி போகும் வரிசையிலேயே கை போனது. வெளியே வண்டி டிரைவர் ஹாரனை அடித்து ஓய்ந்துவிட்டு உள்ளே வந்தார்.

"யோவ், சிலிண்டர் இறக்கப் போனியா, உள்ளேயே குடி போயிட்டியா?"

"ஒரே நிமிஷம்ப்பா. இந்தத் தெருவை முடிச்சிடுறேன்."

"தெருவையா?"

அரை மணி நேரத்தில் பதினொரு சமையலறைகள். ஓவியப் பெண் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணா, எல்லா வீட்டுலயும் ஒரு உருளை இருக்கே, அது என்ன?"

"சிலிண்டர்ம்மா. அதை வச்சுத்தான் எனக்கு வீடு ஞாபகம். அது இல்லாத வீடு எது?"

சொன்னவுடன் அவர் கை நின்றது. முகத்தில் ஓடிய ஏதோ ஒன்றை அந்தப் பெண் கவனிக்கவில்லை. அவர் கரித்துண்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார்.

மறுநாள் சாயங்காலம் அந்த அரங்கத்தைப் பார்த்திருக்க வேண்டும்! முதல் நாள் வந்தவர்கள் கேட்டையும், காரையும், பூனையையும், மொட்டைமாடியில் காயும் துணியையும் வரைந்துவிட்டுப் போயிருந்தார்கள். இரண்டாம் நாள் தபால் நிலையத் தெரு ஆட்கள் வந்தார்கள். வந்தவர்கள் குனிந்தார்கள். குனிந்தவர்கள் கூவினார்கள்.

"ஐயோ, இது என் சமையக்கட்டு! என் பூந்தொட்டி!"

"எங்க வீட்டுக் குழாய் ஒழுகுறதுகூட இருக்குங்க! மூணு சொட்டு வரைஞ்சிருக்காரு!"

"யாரு, நம்ம கேஸ்காரரா? வாயே தொறக்க மாட்டாரே அவரு!"

ஒரு பெண்மணிக்கு மட்டும் கோபம் வந்தது. "ஊருக்கே என் சமையக்கட்டைத் தொறந்து காட்டுவாரா? இருக்கட்டும், நாளைக்கு வரட்டும்!" என்று குதித்தாள். பிறகு படத்தை உற்றுப் பார்த்தாள். மேடையில் பாத்திரங்கள் கழுவாமல் குவிந்து கிடந்தன. சட்டென்று ஒரு ரப்பரை வாங்கி அத்தனையையும் அழித்தாள். அந்த இடத்தில் துடைத்துவைத்த அலமாரி ஒன்றை அழகாக வரைந்தாள். அவள் கணவர் பின்னாலிருந்து, "கண்ணால பாத்ததைத்தான் வரையணுமாம்" என்று மெதுவாகச் சொன்னார். அரங்கமே அதிர்ந்து சிரித்தது.

அதன்பிறகு வேலை முடிந்த ஒவ்வொரு மாலையும் கேஸ்காரர் வந்தார். முகம் கழுவி, தலை சீவி, மாற்றுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். வந்தால் கதவருகிலேயே நான்கு பேர் பிடித்துக்கொள்வார்கள். "அண்ணே, எங்க தெருவுக்கு வாங்க!" "ஐயா, எங்க வீடு இன்னும் காலியா கிடக்கு!" அவர் சமையலறையைப் போடுவார். வீட்டுக்காரர்கள் அதைச் சுற்றிக் கூடத்தையும் படுக்கையறையையும் போட்டு நிரப்புவார்கள். இருபத்தாறு வருடம் பின்கதவு வழியாகப் போய்வந்தவருக்கு, ஊரின் முன்னறைகள் ஒவ்வொன்றாகக் கண்ணெதிரே திறந்துகொண்டிருந்தன. அவருக்கு ராஜ மரியாதை. தேநீர் ஆறுவதற்குள் அடுத்த தேநீர் வந்தது.

தையல்காரரும் பல் டாக்டரும் அடுத்தடுத்த வீடு. எட்டு வருடமாகப் பேச்சு கிடையாது. இருவர் வீட்டையும் கேஸ்காரர் வரைந்து முடித்தபோதுதான் தெரிந்தது, இரண்டு அடுப்பும் ஒரே சுவரின் இரண்டு பக்கத்தில் முதுகோடு முதுகு ஒட்டிக்கொண்டு நிற்கின்றன என்பது.

"அப்ப தினமும் எங்க வீட்டுக்குள்ள வர்ற பூண்டு வாசனை இவர் வீட்டுதுதானா?" என்றார் தையல்காரர், யாரிடமும் இல்லாமல் கூரையைப் பார்த்து.

"வாசனை பிடிச்சிருந்தா சொல்லச் சொல்லுங்க, ஒரு தட்டு அனுப்பி வைக்கிறேன்" என்றார் பல் டாக்டர், அதே கூரையைப் பார்த்து.

எட்டு வருடப் பகை பூண்டில் கரைந்தது. ஊரெல்லாம் அன்று இதே பேச்சு.

ஆனால் ஐந்தாம் நாள் அந்தக் கேள்வி வந்தது. வராமல் இருக்குமா?

ஆற்றோரம் நீலக் கட்டடம் என்று ஒன்று. நான்கு மாடி, மாடிக்கு நான்கு வீடு. பதினாறில் பதினைந்து சமையலறைகள் கறுகறுவென்று நிறைந்திருந்தன. நான்காவது மாடி, கடைசி வீடு மட்டும் வெள்ளையாக, புதுக் கைக்குட்டைபோலக் கிடந்தது. அதற்குப் பக்கத்து வீட்டில் இருக்கும் கணக்கு டீச்சர், மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு சத்தமாகக் கேட்டார்.

"கேஸ்காரரே, எங்க பக்கத்து வீட்டை மட்டும் விட்டுட்டீங்களே?"

"அங்க சிலிண்டர் கிடையாது டீச்சரம்மா."

"சிலிண்டர் இல்லேன்னா வீடு இல்லேன்னு ஆயிடுமா?"

"நான் பாத்ததில்ல. பாக்காததை வரையக் கூடாதுல்ல?"

சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். டீச்சர் அதற்குமேல் கேட்கவில்லை. அவருக்குத் தெரியும். அந்த வெள்ளைக் கட்டத்துக்குள் இருப்பது கேஸ்காரரின் ஒரே மகள்.

மூன்று வருடத்துக்கு முந்தைய கதை அது. கரண்ட் அடுப்பு விற்கும் இளைஞன் ஒருவன் ஊருக்குள் வந்தான். கேஸ்காரர் ஏறும் அதே படிகளில் அவனும் அட்டைப் பெட்டியோடு ஏறினான். "தீயே கிடையாதும்மா, கையை வைங்க பாப்போம்!" என்று வீடு வீடாகச் சொன்னான். அவன் ஏறி இறங்கிய வீடுகளில் கேஸ்காரரின் படிகள் குறைந்தன. ஒரு நாள் மூன்றாவது மாடித் திருப்பத்தில் இருவரும் நேருக்கு நேர் மோதிக்கொண்டார்கள். "கேஸ் வெடிக்கும்னு பொம்பளைங்களைப் பயமுறுத்தி விக்கிறியா?" என்று அவர் கத்த, "நான் அப்படிச் சொல்லவே இல்லீங்க" என்று அவன் கெஞ்ச, கட்டடமே வேடிக்கை பார்த்தது.

அவன் ஏறிய வீடுகளில் ஒன்று அவருடைய வீடு என்பதும், அடுப்பில் கை வைத்துப் பார்த்தது அவருடைய மகள் என்பதும் அப்போது அவருக்குத் தெரியாது. தெரிந்தபோது, பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு இருவரும் வாசலில் நின்றார்கள். மாமனாருக்கு மரியாதை செய்ய வேண்டும் என்று அந்த அப்பாவி மாப்பிள்ளை கொண்டுவந்த பரிசு என்ன தெரியுமா? ஒரு கரண்ட் அடுப்பு!

அன்று கேஸ்காரர் வாயிலிருந்து ஒரு வார்த்தை விழுந்தது. "இனிமே என் கால் உன் வாசல்ல படாது." விழுந்த வார்த்தையை அள்ளிக்கொள்ளத் தெரியாமல் மூன்று வருடம் தவித்தார். மாதம் இரண்டு முறை பாரத்தோடு அதே நான்காவது மாடிக்கு ஏறுவார், டீச்சர் வீட்டுக்கு. அடுத்திருக்கும் மகளுடைய கதவுப் பக்கம் கழுத்தைத் திருப்பாமல் நேரே பார்த்துக்கொண்டு போவார். தோளில் சிலிண்டர் இருந்தால் கழுத்தைத் திருப்ப முடியாது என்பது அவருக்குப் பெரிய சௌகரியம்.

ஏழாம் நாள் மாலை, அரங்கத்துக்குள் நுழைந்ததும் ஓவியப் பெண் அவரைத் தனியாக அழைத்தாள்.

"அண்ணா, காலையில ஒரு பொண்ணு வந்தாங்க. நீலக் கட்டடத்துகிட்ட நேராப் போனாங்க. அந்த வெள்ளைக் கட்டத்தைப் பாத்தாங்க. கரித்துண்டு குடுத்தேன், வேண்டாம்னுட்டாங்க. 'இது எங்க அப்பா விட்ட இடம், நான் நிரப்பக் கூடாது'ன்னு சொல்லிட்டு அப்படியே போயிட்டாங்க."

"அழுதுச்சா?"

ஓவியப் பெண் தலையை மட்டும் ஆட்டினாள்.

அன்று அவர் ஒரு கோடும் போடவில்லை. வீட்டுக்குப் போய் உட்கார்ந்தார். பிஸ்கெட் கம்பெனியில் பொட்டலம் கட்டிவிட்டு வந்த மனைவி, செருப்பைக் கழற்றும்போதே அவர் முகத்தைப் படித்துவிட்டாள்.

"ஊர்ல இருக்கிற அடுப்பெல்லாம் அத்துப்படி. பெத்த மக அடுப்புல பொங்குதா, பொகையுதான்னு மட்டும் தெரியாது."

"கரண்ட் அடுப்புல பொகை வராது."

"அது ஒண்ணு தெரியுது!" என்றாள் அவள். "இந்தப் பாருங்க, நான் மூணு வருஷமா உங்க வார்த்தைக்குக் கட்டுப்பட்டுப் போகாம இருக்கேன். படம் பசை பூசி மாட்டின பொறவு, நகர மன்றத்துக்கு யார் போனாலும் கேப்பாங்க, அந்த வெள்ளை யார் வீடுன்னு. அப்பன் துடைச்சுவிட்ட வீடுன்னு சொல்லுவாங்க. காலத்துக்கும் நிக்கும் அது. உங்க வீராப்பை அங்க போய் மாட்டிக்கங்க!"

அவருக்குச் சோறு இறங்கவில்லை. எட்டாம் நாளும் போனது. ஒன்பதாம் நாள், மாலை நான்கரை மணி. கடைசி வீட்டில் கடைசி சிலிண்டரை இறக்கியவர், வண்டியில் ஏறாமல் நடக்க ஆரம்பித்தார்.

"எங்கய்யா போறே?" என்றார் டிரைவர்.

"ஒரு வீடு பாக்கி இருக்கு."

"லிஸ்ட்ல எதுவும் இல்லையே?"

"லிஸ்ட்ல இல்லாத வீடுப்பா."

நீலக் கட்டடத்துக்கு அறுபத்தெட்டுப் படி. பாரத்தோடு ஏறும்போதுகூட மூன்றாவது மாடியில்தான் நின்று மூச்சு வாங்குவார். இன்று தோள் வெறுமையாக இருந்தது. ஆனாலும் பத்தாவது படியிலேயே நின்றுவிட்டார். தோளில் ஒன்றும் இல்லாததால் கை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கைப்பிடிச் சுவரைப் பிடித்தார், விட்டார், மறுபடி பிடித்தார். கடைசிக் கதவு முன்னால் நின்றார். தட்டினார். என்ன சொல்லி அழைப்பது என்று யோசிப்பதற்குள், இருபத்தாறு வருடப் பழக்கம் முந்திக்கொண்டது.

"கேஸ்!"

உள்ளே ஏதோ பாத்திரம் விழுந்தது. பிறகு கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, நடுங்கும் குரல் ஒன்று வந்தது.

"இந்த வீட்டுல கேஸ் கிடையாது. பக்கத்து வீடு."

"தெரியும்மா" என்றார் அவர்.

கதவு திறந்தது. மூன்று வருடத்தில் கொஞ்சம் இளைத்திருந்தாள். அம்மாவின் நெற்றி அப்படியே வந்திருந்தது. அவள் கண் அவருடைய தோளுக்குப் போனது. பாரம் இல்லை. சட்டைப் பைக்குப் போனது. கரித்துண்டு எட்டிப் பார்த்தது. முகம் இறுகியது.

"கோடு போட வந்தீங்களா, என்னைப் பாக்க வந்தீங்களா?"

பொய் சொல்லியிருக்கலாம். வேறு யாராவதாக இருந்தால் சொல்லியிருப்பார்கள். அந்த மனிதருக்கு வரவில்லை.

"கோடு போடணும்னுதான் கிளம்பினேன். மூணாவது மாடி வரைக்கும் அதான் நெனப்பு. அதுக்கு மேல எதுக்கு ஏறினேன்னு எனக்கே தெரியலம்மா."

"பூட்டிக் கிடக்கிற வீட்டைக்கூட வரைஞ்சிருக்கீங்கப்பா. ஆளே இல்லாத வீட்டைக்கூட! நான் உசுரோடதானே இருக்கேன்?"

"பாக்காததை வரையக் கூடாதுன்னு..."

"பாக்க வேண்டாம்னு யாரு சொன்னா?"

தலை தானாகக் குனிந்தது. ஊருக்கே தோள் கொடுத்த மனிதர், பெற்ற மகள் முன்னால் குற்றவாளியாக நின்றார். அவள் என்ன நினைத்தாளோ, கதவை விட்டு விலகி நின்றாள்.

உள்ளே கூடத்தில், பிரித்துப் போட்ட அடுப்பு ஒன்றின் முன்னால் மாப்பிள்ளை திருப்புளியோடு உட்கார்ந்திருந்தான். மாமனாரைப் பார்த்ததும் எழுந்தான். திருப்புளியைப் பின்னால் மறைத்துக்கொண்டான். ஏதோ ஆயுதத்தோடு பிடிபட்டவன்போல.

"வா... வாங்க மாமா. உக்காருங்க."

அவர் உட்காரவில்லை. கால் பழக்கப்படி நேரே சமையலறைக்குப் போனது. சின்ன அறைதான். மேடைமேல் கறுப்புக் கண்ணாடிபோல ஒரு கரண்ட் அடுப்பு. பால் பாத்திரம். இரண்டு தட்டு, இரண்டு தம்ளர். அவர் குனிந்தார். தன்னை அறியாமல் அடுப்பின் ஓரத்தில் மூக்கை வைத்து மோந்து பார்த்தார்.

"மாமா, அதுல வாசனை வராது" என்றான் மாப்பிள்ளை வாசலிலிருந்து, மிகவும் பணிவாக.

முதலில் சிரித்தது மகள்தான். அடக்கப் பார்த்தாள்; முடியவில்லை. அவருக்கும் வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே நிமிர்ந்தவர், மேடைக்கு அடியில் பார்த்தார். எல்லா வீட்டிலும் சிலிண்டர் நிற்கும் மூலை. குழாய் நுழைய விட்ட ஓட்டைகூட அப்படியே இருந்தது. அங்கே சிலிண்டருக்குப் பதில் ஒரு சின்ன முக்காலி கிடந்தது.

"இது எதுக்கும்மா இங்க?"

அவள் சிரிப்பு நின்றது.

"இந்தச் சுவத்துக்கு அந்தப் பக்கம் டீச்சர் வீட்டுச் சமையக்கட்டு. நீங்க சிலிண்டர் இறக்கி வைக்கிற சத்தம் இங்க கேக்கும். நீங்க டீச்சர்கிட்டப் பேசுறதும் கேக்கும். மாசத்துல ரெண்டு நாள் நான் இங்கதான் உக்காந்திருப்பேன். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நடந்தது இங்கதான் தெரிஞ்சுது. உங்களுக்கு முட்டி வலின்னு இங்கதான் தெரிஞ்சுது." குரல் உடைந்தது. "எதுக்குப்பா அங்க போய் அவ்வளவு சத்தமாப் பேசுவீங்க?"

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். டீச்சருக்குக் காது மந்தம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டுதான் அத்தனை காலமும் கத்தினார். டீச்சருக்குக் காது எவ்வளவு கூர்மை என்று ஊருக்கே தெரியும். அவருக்கும் தெரியும்.

"நீ கேக்கணும்னுதாம்மா" என்றார்.

அந்த முக்காலியிலேயே உட்கார்ந்தார். அந்த ஊரில் ஒரு சமையலறையில் அவர் முதல்முறையாக உட்கார்ந்தது அன்றுதான். மகள் அவர் காலடியில் சரிந்து, முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். மூன்று வருட அழுகை! வலிக்கும் முட்டிதான். ஆனால் அவர் காலை அசைக்கவே இல்லை.

"மாமா, மணி அஞ்சரை!" என்றான் மாப்பிள்ளை திடீரென்று. "ஆறு மணிக்குப் பசை பூசிடுவாங்களே!"

பிறகு நடந்ததை அந்தத் தெரு இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறது. கேஸ்காரர் முன்னால் ஓட, மகள் செருப்பு மாற்றிப் போட்டுக்கொண்டு பின்னால் ஓட, திருப்புளியைக் கீழே வைக்க மறந்த மாப்பிள்ளை அதைப் பிடித்துக்கொண்டே ஓட, "யாரையோ துரத்துறாங்கப்பா!" என்று இரண்டு கடைக்காரர்கள் வெளியே வந்து பார்த்தார்கள்.

அரங்கத்தில் கூட்டம் தோளோடு தோள் உரசி நின்றது. ஊழியர்கள் அகலமான தூரிகைகளோடு ரயில் பாதைப் பக்கமிருந்து பசை பூச ஆரம்பித்துவிட்டார்கள். பாலத்தைத் தாண்டிவிட்டார்கள். ஆற்றோரத்துக்கு வந்துவிட்டார்கள். ஆனால் நீலக் கட்டடத்தில் வேலை தடைப்பட்டு நின்றது. ஏனென்றால் கட்டடத்தின் மேல் கணக்கு டீச்சர் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"அம்மா, எழுந்திருங்க, பசை காய்ஞ்சுடும்" என்று ஓர் ஊழியர் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

"மணி அஞ்சு அம்பத்திரண்டு. ஆறுன்னா ஆறு. எனக்குக் கணக்குச் சொல்லித் தராதீங்க. அதுக்கு முன்னாடி பூசணும்னா என் மேல பூசுங்க!"

கதவருகே கேஸ்காரரைப் பார்த்ததும் யாரோ, "வந்துட்டாரு!" என்று கத்தினார்கள். கூட்டம் பிளந்து வழிவிட்டது. அவருக்குப் பின்னால் வந்த மகளைப் பார்த்ததும், டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றார்.

கேஸ்காரர் முட்டிபோட்டார். மேடை வரைந்தார். ஜன்னல். பால் பாத்திரம். இரண்டு தட்டு, இரண்டு தம்ளர். கறுப்புச் சதுரமாக ஓர் அடுப்பு. மூலையில் முக்காலி. நூறு பேர் நின்ற இடத்தில் கரித்துண்டு உரசும் சத்தம் மட்டும் கேட்டது.

"சிலிண்டர் எங்கண்ணே? மறந்துட்டீங்க!" என்றார் தையல்காரர், கழுத்தை நீட்டி.

கேஸ்காரர் எழுந்தார். வாயே திறக்காதவர் என்று பெயரெடுத்த அந்த மனிதர், சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கும்படி பேசிப் பழகிய அந்தப் பெருங்குரலை எடுத்தார்.

"மறக்கல. இந்த வீட்டுல சிலிண்டர் கிடையாது. இது என் மக வீடு. என் மாப்பிள்ளை கரண்ட் அடுப்பு விக்கிறாரு. தோ, திருப்புளியோட நிக்கிறாரே, அவருதான். ஊர்லயே நம்பர் ஒன் அடுப்பு!"

கைதட்டலும் விசிலும் கூரையைத் தூக்கின. மாப்பிள்ளை திருப்புளியை எந்தப் பைக்குள் போடுவது என்று தெரியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டான். மகள் அப்பாவின் கரி படிந்த கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். ஓவியப் பெண் பசை வாளியை வைத்துக்கொண்டு, விம்மிக்கொண்டே சிரித்தாள்.

"தம்பி, அந்த அடுப்பு நம்ம வீட்டுக்குச் சரிப்படுமா?" என்று பல் டாக்டர் மாப்பிள்ளையின் தோளைத் தட்டினார்.

"யோவ் டாக்டரே!" என்று அலறினார் கேஸ்காரர். "மருமகன்னு ஒத்துக்கிட்டேன், சரி. அதுக்காக என் பொழப்புல மண்ணைப் போடாதய்யா!"

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. அந்தச் சத்தத்துக்கு நடுவே அவர் ஒரு மூலைக்குப் போய், காதைப் பொத்திக்கொண்டு வீட்டுக்கு போன் செய்தார். மனைவி எடுத்தாள்.

"நான்தான் பேசுறேன். நீலக் கட்டடம். நாலாவது மாடி. கடைசி..."

"தெரியும்" என்றாள் அவள். அவளுக்கு மூச்சு வாங்கியது. பின்னால் வண்டிகளின் ஹாரன் சத்தம் கேட்டது. "டீச்சர் சுவத்து வழியாக் கேட்டுட்டு அப்பவே போன்ல சொல்லிட்டாங்க. பாதி வழி வந்துட்டேன். நீங்க போனை வச்சுட்டு, புள்ளைங்க ரெண்டையும் கூட்டிக்கிட்டு முன்னாடி போய்க் கதவைத் தொறந்து வைங்க!"